பாஸ்டனுக்குப் போன வருஷக் கணக்கு



போன வருஷம் பொதுக்குழு முடிஞ்சு சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். பூந்தமல்லி பக்கத்து ஊக்குநர் அக்கா ஒருத்தர் கூட்டு வாங்கிக்கிட்டே ஒரு கேள்வி கேட்டாங்க. "ஏம்மா, நமக்கு உதவி பண்றவங்களுக்கு வருஷா வருஷம் கணக்கு, கடுதாசின்னு போட்டுக்கிட்டே இருக்கோமே, அதை யாராச்சும் படிக்கிறாங்களா? கவரும் ஸ்டாம்பும் தண்டம் இல்லையா?" பக்கத்துல இருந்தவங்க சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். ஆனா பதில் சொல்லத் தெரியலை.

அந்தக் கேள்வி மனசுல கிடந்தது. மலருக்கு ஒரு கட்டுரை எழுதணும்னு நிர்வாகக் குழுவில் சொன்னபோது, இதையே எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. உதவி செய்தவர்களுக்கு வருஷக் கடைசியில் கணக்குச் சொல்கிற பழக்கம் எப்போது, எப்படி வந்தது? நம்மைப் போல சின்ன அமைப்பு நடத்திய பெண்கள் முன்னால் என்ன செய்திருக்கிறார்கள்? தேடிப் படிக்கப் படிக்க, ஒரு பெண்மணியின் கதையிலேயே நின்றுவிட்டேன். அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அதற்கு முன்னால் நம்ம ஊர்க் கதை ஒன்று. ஆவடியைத் தாண்டினால் திருநின்றவூர். அங்கே பூசலார் என்று ஒருவர் இருந்தார். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டு, பணத்துக்காக எங்கெங்கோ அலைந்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. சரி என்று மனசுக்குள்ளேயே கல் அடுக்கி, கோபுரம் எழுப்பி, கும்பாபிஷேகத்துக்கு நாளும் குறித்துவிட்டார். காஞ்சியில் நிஜமாகவே கோயில் கட்டிய பல்லவ ராஜாவிடம், "அன்றைக்கு நான் பூசலார் கோயிலுக்குப் போகணும், நீ வேறு நாள் வை" என்று சாமியே சொன்னதாகப் பெரியபுராணம் சொல்கிறது. பாடிய சேக்கிழாரும் நம்ம குன்றத்தூர்க்காரர்தான். கோயிலை மனசில் கட்டிவிடலாம். போக்கிடம் இல்லாத பெண்பிள்ளைகளுக்குக் கூரையை மனசில் கட்ட முடியாது. அதற்கு நாலு பேரிடம் கேட்டே ஆக வேண்டும். கேட்டு வாங்கினால் பதிலும் சொல்லியாக வேண்டும்.

அப்படிக் கேட்டவர் பண்டித ரமாபாய்.

அவர் பிறந்தது 1858 ஏப்ரல் 23. அப்பா அனந்த சாஸ்திரி டோங்ரே பெரிய சமஸ்கிருத அறிஞர். பெண்டாட்டிக்குச் சமஸ்கிருதம் சொல்லிக் கொடுத்தார் என்பதற்காகவே ஊராரின் எதிர்ப்பைச் சம்பாதித்துக்கொண்டு, மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் போய்க் குடியிருந்தவர். அந்த அம்மா லட்சுமிபாய், மகள் ரமாவுக்குக் காட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். பிறகு அந்தக் குடும்பம் வீடு என்று ஒன்று இல்லாமல் ஊர் ஊராக, கோயில் கோயிலாக நடந்தது. புராணம் படித்துச் சொல்வதும், கிடைத்ததை வைத்துச் சாப்பிடுவதும்தான் பிழைப்பு. 1870-களில் தென்னிந்தியாவில் பஞ்சம் வந்தது. பிச்சை எடுக்கவும் தெரியாது, கூலிக்குப் போகவும் பழக்கமில்லை. அப்பா, அம்மா, அக்கா என்று மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். ரமாபாயும் அண்ணனும் மிஞ்சினார்கள். பசி என்றால் என்ன என்று அவருக்குப் புத்தகம் படித்துத் தெரிய வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அண்ணனும் தங்கையும் நடந்தே போய் 1878-ல் கல்கத்தா சேர்ந்தார்கள். அங்கே இருந்த பண்டிதர்கள் இந்தப் பெண்ணின் சமஸ்கிருதத்தைக் கேட்டு அசந்துபோய் 'பண்டிதா', 'சரஸ்வதி' என்று பட்டம் கொடுத்தார்கள். அண்ணனும் இறந்தார். பிறகு சாதி விட்டு ஒரு வங்காள வக்கீலைக் கல்யாணம் செய்துகொண்டார். இரண்டு வருஷத்துக்குள் அவரும் காலமானார். கையில் பெண் குழந்தை மனோரமா. ரமாபாய்க்கு அப்போது வயசு 24 கூட ஆகவில்லை.

விதவை என்றால் அந்தக் காலத்தில் என்ன நிலைமை என்று நம் பாட்டிமார்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். மொட்டை, ஒரு வேளைச் சோறு, மூலையில் இருப்பு. எட்டு வயசிலும் பத்து வயசிலும் தாலி அறுத்த பிள்ளைகளுக்கும் அதே கதிதான். அவர்களுக்கு ஒரு வீடும் படிப்பும் வேண்டும் என்பது ரமாபாயின் எண்ணம். அதற்கு இங்கே பணம் தேறவில்லை.

1883-ல் இங்கிலாந்து போனார். அங்கே கிறிஸ்தவ மதத்துக்கு மாறினார். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் பெரிய சண்டைக்கு இதுதான் காரணம். 1886-ல், சொந்தக்காரப் பெண்ணான ஆனந்திபாய் ஜோஷி அமெரிக்காவில் பிலடெல்பியாவில் டாக்டர் பட்டம் வாங்குவதைப் பார்க்கக் கப்பல் ஏறினார். பட்டமளிப்பு பார்த்துவிட்டுத் திரும்புவதாகத்தான் போனார். இரண்டு வருஷத்துக்கு மேல் அங்கேயே தங்கும்படி ஆகிவிட்டது.

அங்கே 1887-ல் 'உயர்சாதி இந்துப் பெண்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். அம்மா லட்சுமிபாய்க்குச் சமர்ப்பணம். இங்கே பெண்கள் படும் பாட்டை அத்தியாயம் அத்தியாயமாகச் சொல்லிவிட்டு, கடைசி அத்தியாயத்துக்கு 'வேண்டுகோள்' என்று தலைப்பு வைத்தார். எப்படிப்பட்ட வீடு வேண்டும், யார் நடத்துவார்கள், என்ன சொல்லிக் கொடுப்பார்கள் என்று திட்டமாக எழுதினார். வெறுமனே "ஐயோ பாவம், உதவுங்கள்" என்று கேட்கவில்லை. நாம் பேங்குக்குத் தொழில் திட்டம் எழுதிக் கொடுக்கிறோமே, கிட்டத்தட்ட அப்படி. புத்தகம் ஆயிரக்கணக்கில் விற்றது.

இனிமேல் வருவதைத்தான் நம் உறுப்பினர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். எனக்கே படிக்கும்போது ஆச்சரியமாக இருந்தது. புத்தகம் படித்த அமெரிக்கப் பெண்களும் ஆண்களும் ஊருக்கு ஊர் சின்னச் சின்னக் குழுக்களாகச் சேர்ந்தார்கள். 'ரமாபாய் வட்டம்' என்று பெயர். ஒவ்வொரு வட்டத்திலும் உறுப்பினர்கள் வருஷத்துக்கு ஒரு சின்னத் தொகை தருவதாக வாக்குக் கொடுத்தார்கள். ஒரு வருஷத்துக்கு இல்லை, பத்து வருஷத்துக்கு. இந்த வட்டங்களை எல்லாம் சேர்த்து 1887 டிசம்பரில் பாஸ்டன் நகரில் 'அமெரிக்க ரமாபாய் சங்கம்' தொடங்கினார்கள். தலைவர், நிர்வாகக் குழு, பொருளாளர் எல்லாம் உண்டு. அடியில் குழுக்கள், மேலே கூட்டமைப்பு, ஆளுக்குக் கொஞ்சம் காசு, பல வருஷத்துக்கு விடாமல். நாம் 1990-களில் கற்றுக்கொண்டதை அந்தப் பெண்கள் அப்போதே போட்டு வைத்திருந்தார்கள். ஒரு வித்தியாசம் உண்டு. அவர்கள் சேர்த்தது அவர்களுக்காக இல்லை, பார்த்தே இராத நம் நாட்டுப் பிள்ளைகளுக்காக.

பத்து வருஷம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கூட்டத்தில் மனசு இளகி ஒரு தடவை காசு போடுவது சுலபம். மூன்றாம் வருஷம், ஐந்தாம் வருஷம், கேட்ட பேச்சு மறந்துபோன பிறகும் காசு வர வேண்டும் என்றால் நடுவில் ஒரு கயிறு வேண்டும். அந்தக் கயிறுதான் வருஷ அறிக்கை.

ரமாபாய் அமெரிக்கா முழுக்கப் பேசி முடித்துவிட்டு, ஜப்பான் வழியாக ஊர் திரும்பினார். 1889 மார்ச் 11-ந் தேதி பம்பாயில் 'சாரதா சதன்' திறந்தது. ஆரம்பத்தில் மாணவிகள் எத்தனை பேர் தெரியுமா? இரண்டே பேர். அதில் ஒருத்தர் கோதுபாய் என்ற இளம் விதவை. அந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வரும். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, கடல் தாண்டி இருக்கிற அத்தனை வட்டங்களுக்கும் "உங்கள் பணத்தில் பள்ளிக்கூடம் நடக்கிறது" என்று எழுதுவதற்குத் துணிச்சல் வேண்டும். நாமாக இருந்தால் "ஆரம்பம்தானே, கொஞ்சம் கூடட்டும், அடுத்த வருஷம் எழுதலாம்" என்று தள்ளிப் போட்டிருப்போம்.

பாஸ்டன் சங்கம் மார்ச் மாதத்தில் வருஷக் கூட்டம் நடத்தி, அறிக்கை அச்சிட்டு வட்டங்களுக்கு அனுப்பியது. பொருளாளரின் வரவு செலவு, எந்த ஊர் வட்டம் என்ன கொடுத்தது, சதனிலிருந்து வந்த செய்திகள், ரமாபாய் எழுதிய கடிதங்கள் எல்லாம் அதில் இருந்தன. சதன் திறந்ததும் மார்ச், அவர்கள் கூடியதும் மார்ச். நம்ம கணக்கு முடிவதும் மார்ச் 31 தானே! பரீட்சையும் வெயிலும் ஆடிட்டும் ஒன்றாக வந்து தலையில் உட்காருகிற மாசம். பம்பாயிலிருந்து கப்பல் தபால் போய்ச் சேர ஒரு மாதம் போல ஆகும் காலத்தில், அங்கே மார்ச்சில் படிக்க இங்கே தையிலேயே உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும்.

1890 நவம்பரில் சதன் பூனாவுக்கு மாறியது. பிள்ளைகள் கூடினார்கள். நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது என்று நினைக்கும்போதுதான் இடி விழுந்தது.

சங்கம் பணம் கொடுத்ததற்கு ஒரு நிபந்தனை இருந்தது. சதனில் மதம் போதிக்கக் கூடாது, இந்துப் பிள்ளைகள் அவரவர் ஆசாரப்படி இருக்கலாம். ரானடே, பண்டார்கர் போன்ற பெரிய மனிதர்கள் ஆலோசனைக் குழுவில் இருந்ததும் அந்த நம்பிக்கையில்தான். ஆனால் ரமாபாய் தன் அறையில் தனக்காகப் பிரார்த்தனை செய்வார், கதவைச் சாத்த மாட்டார். சில பிள்ளைகள் தாங்களாகவே வந்து உட்கார்ந்தார்கள். வா என்று கூப்பிடவும் இல்லை, போ என்று விரட்டவும் இல்லை என்பது அவர் பக்கத்து நியாயம். திலகரின் 'கேசரி' பத்திரிகை கடுமையாகத் தாக்கியது. 1893-ல் ஆலோசனைக் குழுவினர் விலகினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வீட்டார் வந்து அழைத்துக்கொண்டு போனார்கள்.

இதில் ரமாபாய் செய்தது முழுக்கச் சரி என்று நான் சொல்ல மாட்டேன். ஆசிரியை எது செய்தாலும் பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ளும். கதவு திறந்திருந்தால் பெற்றவர்கள் பயப்படத்தான் செய்வார்கள். அதே சமயம், சிறு பிள்ளையை மொட்டை அடித்து மூலையில் உட்கார வைத்தபோது சும்மா இருந்த ஊர், இதற்கு மட்டும் பொங்கி எழுந்ததையும் மறக்க முடியவில்லை. நியாயம் இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தது என்றுதான் எனக்குப் படுகிறது.

பாஸ்டனுக்கு என்ன சொல்வது? கடல் தாண்டி இருக்கிறார்கள், சொல்லாமல் விட்டால் அடுத்த தவணை வந்துவிடும் என்று நினைத்திருக்கலாம். ஆனால் பத்திரிகைச் செய்தியும் கப்பல் ஏறும், எதிர்த்தவர்களின் கடிதமும் கப்பல் ஏறும். சதனில் நடந்தது பாஸ்டன் சங்கத்தின் கூட்டங்களிலேயே பேசுபொருளானது. சங்கத்தின் நிர்வாகக் குழுத் தலைவி ஜூடித் ஆண்ட்ரூஸ் என்ற அம்மையார், காகிதத்தில் வந்ததை மட்டும் நம்பாமல், கப்பலேறிப் பூனாவுக்கே வந்துவிட்டார். சதனில் தங்கி நேரில் பார்த்து விசாரித்தார். பிறகும் சங்கம் ரமாபாயைக் கைவிடவில்லை. பணம் தொடர்ந்து வந்தது. நம் கூட்டமைப்பிலிருந்து குழுவைப் பார்வையிட ஆள் வந்தால், "என்னமோ சந்தேகப்படறாங்க" என்று முகம் சுளிக்கிறோம் இல்லையா? அந்த அம்மா அவ்வளவு தூரம் வந்து பார்த்ததால்தான் பிறகு வட்டங்களிடம் போய் நின்று பேச முடிந்தது.

இங்கே நம்ம கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளம் யாருக்கும் மறந்திருக்காது. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்த அந்த இரவும், இடுப்பளவு தண்ணீரில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடந்ததும். எங்கெங்கிருந்தோ அரிசி, பாய், போர்வை, பாத்திரம், பணம் என்று வந்து குவிந்தது. ராத்திரி பகல் பார்க்காமல் கொடுத்தோம். ஒரு ரூபாய்கூட யாரும் எடுக்கவில்லை, அது சத்தியம். ஆனால் யாருக்குக் கொடுத்தோம் என்று ஒருத்தரும் எழுதி வைக்கவில்லை. மார்ச்சில் கடிதம் எழுத உட்கார்ந்தபோது, 'வெள்ள நிவாரணப் பொருட்கள் வழங்கப்பட்டன' என்று ஒரே வரி எழுதி அனுப்பினோம். அதை எழுதியது நான்தான்.

பல வருஷமாக நமக்கு உதவி வந்த ஒரு வயசான அம்மா போன் செய்தார். "எத்தனை குடும்பம்மா? எந்தெந்தத் தெரு?" அவ்வளவுதான் கேட்டார். கோபமே இல்லை. நான் "நிறையக் குடும்பம்மா, எல்லாத் தெருவுக்கும் குடுத்தோம்மா" என்றேன். "சரிம்மா" என்று வைத்துவிட்டார். அடுத்த வருஷத்திலிருந்து அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நாம் திருடினோம் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். ஆனால் தன் காசு எந்த வீட்டு வாசலில் போய் இறங்கியது என்று அவரால் பார்க்க முடியாமல் போய்விட்டது. இன்றைக்கு நிவாரணம் என்றால் முதலில் நோட்டு வாங்குகிறோமே, அந்தப் பழக்கம் வந்தது அந்த ஒரு போனால்தான்.

ரமாபாய்க்குத் திரும்புவோம். பத்து வருஷ வாக்கு முடியப் போகிறது என்பதை அவர் மறக்கவில்லை. முடிந்த பிறகு யார் கையை எதிர்பார்ப்பது? பூனாவுக்கு அப்பால் கேட்காவ் என்ற ஊரில் நிலம் வாங்கி, கிணறு வெட்டி, பழமரங்கள் வைத்தார். மரம் காய்த்தால் சதனுக்குச் சொந்த வருமானம் வரும் என்று கணக்கு. சுழல் நிதி கையில் இருக்கும்போதே தொழில் தொடங்கிவிட வேண்டும் என்று நம் பயிற்சியில் சொல்வது இதைத்தான். 1896-97-ல் மத்திய மாகாணத்தில் பஞ்சம் வந்தது. சின்ன வயசில் பார்த்த அதே பஞ்சம். அவரால் வீட்டில் உட்கார முடியவில்லை. போய்ச் சுமார் 300 பெண்களையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வந்தார். கேட்காவ் தோட்டம் அவர்களுக்கு வீடானது. 'முக்தி' என்று பெயர். இது பாஸ்டன் சங்கத்துத் திட்டத்தில் இல்லாத வேலை, முதல் இல்லத்தைப் போல மதம் பேசாத இடமும் இல்லை. அது வேறு, இது வேறு என்று தனித்தனியாகவே வைத்துக்கொண்டார்.

1898-ல் வாக்குக் காலம் முடிந்தபோது, கடிதத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் அவரே மறுபடி அமெரிக்கா போய்ச் சங்கத்தார் முன்னால் நின்றார். கலைய வேண்டிய சங்கம் கலையவில்லை, புதுப்பித்துக்கொண்டு தொடர்ந்து நடந்தது. நடுவில் அத்தனை புயல் அடித்தும் பத்து வருஷ வாக்கு காப்பாற்றப்பட்டிருக்கிறது. நம்ம குழுக்களில் மூன்று வருஷக் கடனுக்கே தவணை தவறுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இனி கோதுபாய். சதனில் சேர்ந்த அந்த இளம் விதவையை, 1893 மார்ச் 11-ல் தோண்டோ கேசவ் கார்வே என்ற கணக்கு வாத்தியார் மறுமணம் செய்துகொண்டார். அவரும் மனைவியை இழந்தவர். ஒரு வேடிக்கை என்னவென்றால் கார்வே பிறந்தது 1858 ஏப்ரல் 18. ரமாபாய்க்கு ஐந்தே நாள் மூத்தவர். விதவையைக் கட்டியதற்காகக் கார்வேயை அவருடைய ஊர் முரூட் ஒதுக்கி வைத்தது. அவர் சளைக்கவில்லை. 1896-ல் விதவைப் பெண்களுக்கு ஆசிரமம் தொடங்கி, 1900-த்தில் பூனாவுக்கு வெளியே ஹிங்கணே என்ற இடத்தில் ஒரு குடிசைக்குக் கொண்டு போனார். பகலெல்லாம் பெர்குசன் கல்லூரியில் பாடம், சாயங்காலம் ஆசிரமத்துக்கு நடை. பிறகு ஊர் ஊராகப் போய் வசூல். கோதுபாயும் வசூலுக்குப் போனார். ஆனந்திபாய் என்றும் பாயா கார்வே என்றும் அவரைச் சொல்வார்கள். தன் கதையை மராட்டியில் 'மாஜே புராண்' என்று தானே எழுதி வைத்திருக்கிறார். பெரிய மனிதர்களின் மனைவிமார்கள் எழுதியதை யார் படிக்கிறார்கள், அதனால் நாமாவது பெயரைச் சொல்லி வைப்போம்.

ஆக, அமெரிக்காவில் முகம் தெரியாத யாரோ வருஷாவருஷம் போட்ட சின்னக் காசு ஒரு கோதுபாயைப் படிக்க வைத்து, அந்தக் கோதுபாய் வழியாக இன்னொரு ஆசிரமத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இந்த வரவை எந்தப் பொருளாளரும் பேரேட்டில் எழுதியிருக்க முடியாது.

பூந்தமல்லி அக்கா கேட்ட கேள்விக்குப் பதில் எனக்குக் கிடைத்ததும் கார்வேயின் வாழ்க்கையில்தான். ஜப்பானில் 1901-ல் பெண்களுக்கென்று ஒரு பல்கலைக்கழகம் தொடங்கியிருந்தார்கள். அதைப் பற்றி அச்சிட்ட ஒரு சின்னப் புத்தகத்தை, ஜப்பான் போய் வந்த காசிக்காரர் ஒருவர் கார்வேக்குத் தபாலில் அனுப்பினார். கார்வே புரட்டிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்துவிட்டார். படிக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்! நாம் அனுப்புகிற கவருக்கு நடப்பதுதான் அதற்கும் நடந்தது. பிறகு 1915-ல் பம்பாயில் சமூக சீர்திருத்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கச் சொன்னார்கள். என்ன பேசுவது என்று யோசித்தபோது அந்தப் புத்தகம் ஞாபகம் வந்து தேடி எடுத்தார். இந்தத் தடவை முழுக்கப் படித்தார். மாநாட்டில் அதைப் பற்றியே பேசினார். அடுத்த வருஷம், 1916-ல், இந்தியாவில் பெண்களுக்கான முதல் பல்கலைக்கழகம் ஆரம்பமானது. பம்பாயில் இன்றைக்கும் எஸ்.என்.டி.டி. என்று நடக்கிறது. 1958-ல், நூறு வயசில், கார்வேக்குப் பாரத ரத்னா கொடுத்தார்கள். தபாலில் வந்து அலமாரியில் கிடந்த புத்தகம்தான் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஆரம்பம்.

எங்கோ பூனா கதை, நம்ம மெட்ராஸில் யாரும் இல்லையா என்று கேட்பீர்கள். இல்லாமலா? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930-ல் ஔவை இல்லம் தொடங்கினார். போக்கிடம் இல்லை என்று கதவைத் தட்டிய பெண்பிள்ளைகளைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டதில்தான் அது ஆரம்பம். அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கும் அவர்தான் ஊரெல்லாம் பணம் திரட்டினார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1954-ல் 12 படுக்கைகளோடு திறந்தது. நம்ம குழுக்களிலேயே அங்கே சிகிச்சை பார்த்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள், விளக்க வேண்டாம். 1978-ல் ஜெயா அருணாசலம் அம்மையார் சென்னையில் தொடங்கிய உழைக்கும் பெண்கள் அமைப்பு, பூக்கூடை, காய்கறிக் கூடை வைத்திருந்த பெண்களைக் குழுவாகச் சேர்த்துப் பேங்க் கடன் வாங்கிக் கொடுத்தது. நமக்கு முன்னோடி என்றே சொல்லலாம். 1989-ல் தர்மபுரியில் சுய உதவிக் குழுக்கள் வந்தன. 1992-ல் நபார்டு 500 குழுக்களைப் பேங்கோடு இணைத்துப் பார்த்தது. பிறகு மகளிர் திட்டம், நாம். இதெல்லாம் பயிற்சியில் கேட்டுக் கேட்டு உங்களுக்கு மனப்பாடம், அதனால் விட்டுவிடுகிறேன்.

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பேங்குக்கும் அரசாங்கத்துக்கும் நாம் கொடுக்கிற கணக்கு வேறு. அது கட்டாயம். கொடுக்காவிட்டால் கடன் வராது, பதிவு நிற்காது. நம்மைக் கேட்கச் சட்டம் இல்லாதவர்கள் சிலர் இருக்கிறார்கள். நம் பிள்ளைகளின் டியூஷனுக்கு நோட்டு வாங்கித் தருகிற ரிட்டயர்டு டீச்சர். எஸ்டேட்டில் பட்டறை வைத்துக்கொண்டு, தன் ஷெட்டின் பாதியை வாடகை இல்லாமல் மூன்று வருஷம் கொடுத்தவர். நம் பெண்ணாகவே வளர்ந்து, வேலைக்குப் போய், முதல் சம்பளத்தில் அனுப்பிய பிள்ளை. கேட்காமலே இவர்களுக்குச் சொல்ல வேண்டியிருப்பதால்தான் அந்தக் கடிதம் எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

இந்த வருஷக் கடிதத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது, உங்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். தையல் யூனிட்டை மூடிவிட்டோம். ஆர்டர் நின்றுபோனது, இரண்டு மாதக் கூலி பாக்கி விழுந்தது, மிஷின்கள் இப்போது ஆபீஸ் மூலையில் துணி போர்த்திக் கிடக்கின்றன. அதை எழுதலாமா வேண்டாமா என்று நிர்வாகக் குழுவில் ஒரு மணி நேரம் பேசினோம். "நல்ல சேதி எவ்வளவோ இருக்கு, இதை ஏன் நாமளே போய்ச் சொல்லணும்?" என்றார் ஒரு அக்கா. "மிஷின் வாங்கக் காசு குடுத்தவங்க நேர்ல வந்து பார்த்தா என்ன சொல்லுவீங்க?" என்றார் இன்னொருவர். கடைசியில் கை தூக்கச் சொன்னோம். ஏழுக்கு நாலு.

மூடியது ஏன், கூலி பாக்கியை எப்படிக் கொடுத்தோம், மிஷின்களை என்ன செய்யலாம் என்று யோசிக்கிறோம் என இரண்டு பத்தி எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஆபீசில் படித்துக் காட்டுகிறேன். தப்பிருந்தால் சொல்லுங்க, திருத்திடலாம். அப்புறம் கவர் ஒட்ட வேண்டியிருக்கு, முடிஞ்சவங்க இருந்து கை கொடுங்க. பசையும் ஸ்டாம்பும் வாங்கி வெச்சாச்சு.